தண்ணீரில் நின்ற அண்ணி, மேடையில் நின்ற பாட்டுக்காரர்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மலேசியாவில் பகாவ் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்துத் திடலில் இது நடந்தது. இன்றும் மழை பெய்து வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கி நின்றால், உடனே கால் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

நான் பாரோயில் குடியிருக்கிறேன். செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாற்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. இப்படிப்பட்டவள் ராக் இசை கேட்கிறாள் என்றால் எங்கள் ஆட்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அதுவும் நான் தேடித்தேடிக் கேட்பது வெளிநாட்டுக் குழு எதையும் இல்லை. எங்கள் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் திருவிழாவுக்கும் கல்யாண விருந்துக்கும் வாசிக்க வருகிற ஒருவரை. பிழைப்புக்கு லாரி ஓட்டுகிறவர். கித்தார் வாசித்துக்கொண்டே பாடுவார். பெயர் சொன்னாலும் உங்களில் பலருக்குத் தெரியாது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் நானும் சொல்லவில்லை.

அவரை முதலில் கேட்டது பெடாஸில், உறவினர் வீட்டு நிச்சயதார்த்த விருந்தில். அவருடைய குழு சினிமாப் பாட்டுகளை ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்தது. நானும் சாப்பாட்டில்தான் கவனமாக இருந்தேன். விருந்து முடிந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய நேரத்தில், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்திலோ என்னவோ, அவர் தன் சொந்தப் பாட்டு ஒன்றை எடுத்தார். விடிகாலையில் தொழிற்சாலை பஸ்ஸைத் தவறவிட்டவன் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டு, ‘கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு’ என்று கூப்பிடுகிற பாட்டு. தகரத்தில் ஆணி கீறுவது போன்ற குரல். அந்தக் குரலைப் பிடிக்க முடியாமல் கித்தார் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடிவரும். எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்தேன். அந்தப் பதிவில் பாட்டோடு சேர்ந்து நாற்காலி அடுக்குகிற சத்தமும் ‘டப் டப்’ என்று கேட்கும். அதோடுதான் எனக்கு அந்தப் பாட்டைப் பிடிக்கும்.

பிறகு அவர் வெளியிட்டிருந்த ஒரே குறுந்தட்டைத் தேடி வாங்கினேன். போட்டுக் கேட்டால் ஏமாற்றம். யாரோ அவரைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்தது போல் இருந்தது. குரலில் கீறல் இல்லை. கித்தார் எங்கோ அடியில் கிடந்தது. மேலே கீபோர்டில் வயலின் சத்தம். இதைக் கேட்டவர்கள் அவரை மதிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை என்று நினைத்தேன். அவர் யார் என்று தெரிய வேண்டுமானால் மேடையில்தான் கேட்க வேண்டும்.

அதற்காகவே கைக்கு அடக்கமான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாங்கி, அவர் வாசிக்கிற இடத்துக்கெல்லாம் போக ஆரம்பித்தேன். என்னைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். பதிவுகளை வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொள்வோம். அதில் நாய் குரைக்கும், குழந்தை அழும். கித்தார் தனியாக உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது யாரோ மைக்கைப் பிடித்து, ‘வெள்ளைக் காடி ஒன்னு வழிய மறைக்குது, சொந்தக்காரர் வந்து எடுக்கவும்’ என்று காரை நகர்த்தச் சொல்லி அறிவிப்பார்கள். எல்லாம் இருக்கும். அவருடைய குரல் மட்டும் எப்போதும் கொஞ்சம் தள்ளியே கேட்கும். மைக்குக்கு ஒரு சாண் பின்னால் நின்றுதான் பாடுவார். அது அவருடைய பாணி என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

நான் முதலில் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, பகாவ் பக்கத்துத் தோட்டத்து இளைஞர்கள் ஏற்பாடு செய்த உணவுச் சந்தை. சாப்பாட்டுக் கடைகள், குழந்தைகளுக்கு விளையாட்டு, பிற்பகலில் இசை நிகழ்ச்சி. என் கணவருக்கு வேலை இருந்தது. தனியாகப் போகத் தயங்கியபோது என் அண்ணி, அதாவது என் அண்ணனின் மனைவி, துணைக்கு வருவதாகச் சொன்னார். அவருக்கு இந்த இசை சுத்தமாகப் பிடிக்காது. கடைகளுக்காகத்தான் வந்தார்.

கோலப்பிலா தாண்டியதும் வானம் கறுக்க ஆரம்பித்துவிட்டது. தோட்டத்துச் சாலைக்குள் காடி நுழைந்தபோது இரண்டு பக்கமும் செம்பனை மரங்களுக்கு அடியில் இருட்டிக் கிடந்தது. மதியம்தான், ஆனால் விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

“மழ கொட்டப் போவுது. திரும்பிருவோமா?” என்று அண்ணி கேட்டார்.

“கூடாரம் போட்டிருப்பாங்க அண்ணி. ஒன்னும் ஆவாது,” என்றேன்.

பிற்பாடு எத்தனையோ முறை அந்தப் பதிலை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

திடல் சரிவாக இருந்தது. மேட்டுப் பக்கம் பெரிய கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். பள்ளத்தில் மேடை. இரண்டுக்கும் நடுவில், பிள்ளைகள் ஆடுவதற்காக வெட்டவெளியாகக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். இடது பக்கம் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். மேடைக்கு ஒரு ஜெனரேட்டர், கடைகளுக்கு ஒரு ஜெனரேட்டர். மூங்கில் கழிகளை நட்டு, அந்த வெட்டவெளிக்கு மேலாகக் கூடாரத்து விளக்குகளுக்கு ஒயர் இழுத்திருந்தார்கள். அப்போது இதையெல்லாம் நான் கவனிக்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து, கருவியைப் பக்கத்து நாற்காலியில் வைத்து, மழை வந்தால் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றினேன்.

சினிமாப் பாட்டு போகும்வரை கூட்டம் ஆடியது. அவர் தன் சொந்தப் பாட்டைத் தொடங்கியதும் வழக்கம்போல ஆட்கள் எழுந்து கடைப்பக்கம் போனார்கள். எனக்கு அது பழகிப்போன காட்சி. அண்ணியும் எழுந்தார்.

“என்னா இந்தாளு, லாரி பிரேக்கு புடிக்கிற மாதிரி கத்துறாரு? நான் போய் மீ கோரேங் வாங்கியாறேன். ஒனக்கு ஒறப்பா போடச் சொல்லவா?”

தலையாட்டினேன். அவர் பேச்சும் பதிவில் விழுந்திருக்குமே என்று மட்டும் நினைத்தேன்.

அண்ணி போன கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. எங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். தூறல் கீறல் எதுவும் இல்லை, ஒரேயடியாக ஊற்றும். வெளியில் இருந்தவர்கள் எல்லோரும் கூடாரத்துக்குள் ஓடிவந்து நெருக்கினார்கள். அண்ணி கடையிலேயே மாட்டிக்கொண்டார். மேட்டிலிருந்து ஓடி வந்த தண்ணீர் மேடைக்கு முன்னால் சேர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குட்டை போலாகிவிட்டது. மேடைக்குத் தகரக் கூரை இருந்ததால் குழு வாசிப்பதை நிறுத்தவில்லை. மழைச் சத்தத்தோடு அவர் கித்தார் சண்டை போடுவது போல் இருந்தது. நல்ல பதிவாக வரப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அப்போது ஒரு காற்று. கூடாரம் ஒருமுறை தூக்கிப்போட்டது. எங்கள் தலைக்கு மேலே விளக்குகள் மினுக்கிவிட்டு மறுபடி எரிந்தன. ஒரு மூங்கில் கழி சாய்வதைப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கடைப்பக்கமிருந்து ஒரு பழுப்பு நாய் மழைக்குப் பயந்து கூடாரத்தை நோக்கி ஓடிவந்தது. குட்டையின் நடுவில் அது திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்தது. வழுக்கி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. நான்கு கால்களும் விறைத்துக்கொண்டு நின்றன.

பாட்டு நின்றது.

“அக்கா! மஞ்சத் துணி அக்கா! நில்லுங்க!”

பாட்டுக்காரர் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அண்ணி. மழை விடுகிற வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு நூடுல்ஸ் பொட்டலத்தோடு குனிந்தபடி வந்துகொண்டிருந்தார். குட்டைக்குள் ஏற்கெனவே கால் வைத்துவிட்டார். செருப்பு தண்ணீருக்குள் முங்கியிருந்தது.

“அப்படியே நில்லுங்க அக்கா! கால எடுக்காதீங்க! ஒரு அடி கூட வேணாம்!”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “என்னாய்யா, பாட்டுல இது புதுசா?” என்று ஒருவர் கத்தினார். ஆனால் அண்ணி நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகுதான் சொன்னார்: கணுக்காலில் சிற்றெறும்பு கூட்டமாகக் கடிப்பது போல ஒரு சுருசுருப்பு இருந்ததாம்.

“ஒயரு தண்ணிக்குள்ள கெடக்கு,” என்றார் பாட்டுக்காரர். இந்த முறை கத்தவில்லை. “நாயப் பாருங்க. யாரும் எறங்காதீங்க. கூடாரத்துக் கம்பியத் தொடாதீங்க. பின்னால உள்ளவங்க தள்ளாதீங்க.”

இதைக் கேட்டதும் கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்பதை எப்படிச் சொல்வது? பிள்ளையைக் காணவில்லை என்று ஒரு பெண் அலறினார். நாற்காலிகள் சரிந்தன. பின்னால் நின்றவர்களுக்கு என்ன விஷயம் என்று விளங்கவில்லை. எட்டிப் பார்க்க முன்னால் நெருக்கினார்கள். நாங்கள் முதல் வரிசை. எங்களுக்கு முன்னால் தண்ணீர். அது நின்றிருக்கவும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்துகொண்டிருந்தது. என் நாற்காலிக் கால்கள் நனைந்துவிட்டன. நான் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டேன். முதுகில் யாரோ மோதினார்கள். இன்னொரு முறை மோதினால் நான் நாற்காலியோடு முன்னால் கவிழ்ந்திருப்பேன்.

அண்ணிக்கும் எனக்கும் நடுவில் அந்தத் தண்ணீர். மழைத்துளி விழுந்து கொதிப்பது போல் இருந்தது. அண்ணனுக்குப் போன் செய்து என்ன சொல்வேன் என்றுதான் மூளை ஓடியது. ‘அண்ணி வேணாம்னு சொன்னாங்க, நான்தான் கூட்டிட்டு வந்தேன்’ என்ற ஒரே வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

டிரம்ஸ் வாசிக்கிறவர் மேடைக்குப் பின்பக்கமாகக் குதித்து ஜெனரேட்டர் இருக்கிற திசையில் ஓடினார். பின்பக்கம் மேடான தரை, தண்ணீர் இல்லை. அவர் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அந்த நேரத்தில் பாட்டுக்காரர் கித்தாரை மறுபடி எடுத்தார்.

பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறவனின் பாட்டு. ஆனால் அவர் அதை அவ்வளவு மெதுவாக வாசித்து நான் கேட்டதே இல்லை. ஓட்டமே இல்லை. ஒவ்வொரு தந்தியாகத் தொட்டுத் தொட்டு, அண்ணியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ‘கொஞ்சம் இரு… கொஞ்சம் இரு…’ என்று பாடினார். நடுநடுவே பாட்டை விட்டுவிட்டு, அதே ராகத்திலேயே, ‘தள்ளாதீங்க, பின்னால போங்க, மேட்டுக்குப் போங்க’ என்றார். கூட்டத்துக்கு அது பாட்டா பேச்சா என்று புரியவில்லை. ஆனால் காது கொடுத்தார்கள். காது கொடுத்தவர்கள் தள்ளுவதை நிறுத்தினார்கள். என் முதுகில் இருந்த பாரம் மெல்லக் குறைந்தது. பின் வரிசைகள் ஒவ்வொன்றாக மேட்டுப் பக்கம் நகர்ந்தன. காணாமல் போன பிள்ளை யாருடைய இடுப்பிலோ இருந்தது.

அண்ணி அசையவில்லை. கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு, பொட்டலங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையில் இருந்த பிளாஸ்டிக் பை வழியாக மழை முகத்தில் வழிய, பாட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் தளர்ந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

திடீரென்று கித்தார் செத்தது. மைக்கும் செத்தது. மேடை விளக்குகள் அணைந்தன. “அப்பாடா” என்று கூடாரத்தில் ஒரு பெருமூச்சு. நானும் காலைக் கீழே இறக்கப் போனேன்.

“இருங்க!” மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்தினார். கையைக் கடைப்பக்கம் காட்டினார்.

கடை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எங்கள் தலைக்கு மேலும் விளக்கு எரிந்தது. விழுந்து கிடக்கிற ஒயர் எந்த ஜெனரேட்டரிலிருந்து வருகிறது? யாருக்கும் தெரியவில்லை.

அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் மைக் இல்லாமல், கித்தார் சத்தம் இல்லாமல், மழைக்கு மேலே வெறும் தொண்டையில் பாடினார். பாதி வார்த்தைகள் மழையில் போயின. மீதி வந்து சேர்ந்தது. நான் அவரைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அவர் யார் என்று அப்போதுதான் முழுதாகக் கேட்டேன்.

கடை விளக்குகள் அணைந்தன. கூடாரத்து விளக்கும் அணைந்தது. மழை இருட்டு எல்லோர் மேலும் விழுந்தது. எங்கோ பின்னாலிருந்து டிரம்ஸ்காரர் கத்தினார்: “ரெண்டும் அடைச்சாச்சு!”

ஒருவரும் நகரவில்லை. அடைத்தாகிவிட்டது என்று காதில் விழுந்தும், அந்தத் தண்ணீரில் கால் வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எனக்கும்தான். என் சொந்த அண்ணி, எனக்காக வந்தவர், அங்கே தனியாக நிற்கிறார். என் கால் இறங்க மறுத்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அவர் கித்தாரைக் கழற்றிக் கீழே வைத்தார். மேடை விளிம்புக்கு வந்தார். ஒரு கணம் நின்று கீழே பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்.

கூடாரத்தில் யாரோ “ஐயோ” என்றார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் வரை தெறித்த தண்ணீரோடு நேராக அண்ணியிடம் நடந்து வந்து, அவர் முழங்கையைப் பிடித்தார். “வாங்க அக்கா. போவலாம்,” என்றார். கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டுதான் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணி என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். அப்போதும் அந்தப் பொட்டலங்களை விடவில்லை. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கினேன்.

மழை விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் நாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வேறு யாருக்கும் எதுவும் நேரவில்லை. நிகழ்ச்சி அதோடு முடிந்தது.

நன்றி சொல்வதற்காக அண்ணியைக் கூட்டிக்கொண்டு மேடைக்குப் பின்பக்கம் போனேன். பாட்டுக்காரர் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் நடுக்கம். டிரம்ஸ்காரர்தான் தேநீர்க் கோப்பையைப் பிடித்து அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீங்க இல்லேன்னா எங்க அண்ணி…” என்று ஆரம்பித்தேன்.

“அப்படிச் சொல்லாதீங்க அக்கா,” என்று தடுத்துவிட்டார். “எனக்கு இதப் பத்தி ஒன்னும் தெரியாது. நாய் ஓடுச்சு, விழுந்துச்சு. ஓடுனதாலதான் விழுந்துச்சோ என்னமோன்னு நில்லுங்கன்னு சொல்லிட்டேன். நின்னதால ஏதும் ஆயிருந்தா? அக்கா எனக்காக நின்னுக்கிட்டு இருக்காங்க, நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கே தெரியல.”

அண்ணிதான் கேட்டார். “அப்பறம் எதுக்குப் பாடுனீங்க?”

“பேசுனா என் தொண்ட நடுங்குறது ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்லா. பாடுனா தெரியாது. என் பாட்டு எப்பவும் அப்படித்தான இருக்கும்.”

டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். அண்ணியும் அழுகையோடு சிரித்தார். பாட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. உதட்டைத் தடவிக்கொண்டே, “மைக்கு வேற இன்னிக்கு ரொம்பக் கடிச்சிருச்சு,” என்றார்.

“மைக்கு கடிக்குமா?” என்று கேட்டேன்.

“பாதித் தோட்டத்துல கடிக்கும் அக்கா. கை கித்தார்ல இருக்கும், வாய் மைக்குல பட்டா சுருக்குன்னு கரண்டு இழுக்கும். அதனாலதான் தள்ளி நின்னே பாடிப் பழகிட்டேன்.”

தள்ளிக் கேட்கிற அந்தக் குரலைப் பாணி என்று வாட்ஸ்அப்பில் எழுதி எழுதிப் பாராட்டிய எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. இத்தனை காலமும் ஒவ்வொரு பதிவிலும் நான் ரசித்துக் கேட்டுவந்தது, பயந்துகொண்டே மைக் முன்னால் நிற்கிற ஒரு மனிதரின் தூரம்.

பாரோய் வந்து சேரும்வரை அண்ணி சாலையோரத்தில் தேங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருடைய வீட்டு வாசலில் இறங்கும்போது, “ஒன் அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்,” என்றார்.

கருவியை நான் நிறுத்தவே இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. அது பாட்டுக்கு ஓடி, மின்கலம் தீர்ந்து தானாக நின்றிருந்தது. கேட்பதற்குத் துணிவு வர ஒரு வாரத்துக்கு மேலானது. ஒருநாள் வேலை முடிந்து, தொழிற்சாலை வாகன நிறுத்தத்தில் காடிக் கதவுகளை எல்லாம் அடைத்துவிட்டுக் கேட்டேன்.

பிளாஸ்டிக் பை மேல் மழை விழுகிற சத்தம். கித்தார். பிறகு நாயின் குரல். அன்று எனக்கு அது கேட்கவே இல்லை; ஒரு சின்ன ‘கீச்’, அவ்வளவுதான். பிறகு அவர் ‘அக்கா’ என்று கூப்பிடுவது. அலறல்கள். ‘கொஞ்சம் இரு’. அதோடு இன்னொரு குரலும் இருந்தது. ரொம்பக் கிட்டத்தில், ரகசியம் பேசுவது போல, “நில்லுங்க அண்ணி, நில்லுங்க அண்ணி, நில்லுங்க” என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. யார் என்று யோசித்தேன். என் குரல். நான் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. வாய் திறந்ததாகக்கூட நினைவில்லை. ஆனால் அவர் பாடுகிறவரைக்கும் நானும் சொல்லியிருக்கிறேன். கித்தார் செத்த பிறகு கேட்டால், கூடாரத்திலும் அங்கங்கே பலர் அதையே முணுமுணுப்பது காதில் விழுகிறது. மழைக்கு அடியில் அவருடைய வெறும் குரல், அதற்கு அடியில் நாங்கள். காடிக்குள் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

பிரதி எடுத்து அவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார்.

“யாருக்கும் அனுப்பாதீங்க அக்கா.”

“ஏன் தம்பி? நீங்க பாடினதுலயே இதான் பெஸ்டு.”

“ரெண்டாவது அடில சுருதி கீழ போயிருச்சு. கேக்க முடியல,” என்றார்.

முதலில் சிரிப்பு வந்தது. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று பிறகுதான் உறைத்தது. அவருடைய வார்த்தையை நான் மீறவில்லை. வாட்ஸ்அப் நண்பர்கள் கேட்டபோது, மழையில் எதுவும் சரியாக விழவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. மழை நாளில் கொடியில் காய்கிற துணியை எடுக்கக்கூட அண்ணனைத்தான் அனுப்புகிறார். தீபாவளிக்கு மட்டும் ஒரு டின் நெய் உருண்டை செய்து, அவரிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தருவார். “அந்தக் கத்துற தம்பிக்கு” என்று சொல்லித்தான் தருவார்.

நான் இன்னும் போகிறேன். போனதும் முதலில் ஒயர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறேன். நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். என்னைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும். அந்தப் பதிவை நான் இதுவரை இரண்டாவது முறை கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வாழ்க்கையில் ஏதாவது ஒன்று கைமீறிப் போகிற நேரங்களில், அந்தத் திடல் தானாகவே காதுக்குள் வந்துவிடுகிறது. பயமே இல்லாத ஒருவர் வந்து கைகொடுப்பார் என்று அப்போது நான் எதிர்பார்ப்பதில்லை. என்னைப் போலவே நடுங்கிக்கொண்டு, ஆனாலும் பாட்டை நிறுத்தாமல் நிற்கிற ஒருவர் எதிரே இருந்தால் போதும், அசையாமல் நின்றுவிடலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.